வாய் வெட்ட வந்தவனின் தாள்

வரைபடத்தில் இதற்கு நீலக் கோடு இல்லை.
நான்தான் பேனையால் கீறி
பெக்கோவின் முன்கண்ணாடிக்கு மேலே செருகியிருக்கிறேன்.
பதினொரு கிலோமீற்றர்.

தலை, சாகாமத்துக்குத் தெற்கே காட்டில்
மாட்டுக் குளம்புக் குழிகளில் ஊறும் கசிவு.
மீன் இல்லை என்று எழுதியிருந்தேன்.
மாரி பிறந்த நாலாம் நாள்
பனையேறியொன்று
செவுளை ஊன்றி ஊன்றிப்
புல்லுக்குள்ளால் போய்க்கொண்டிருந்தது.
எழுதியதை வெட்டினேன்.

பிறகு கல். நாலைந்து மருதை.
வேரிடுக்கில் ஆரல்.
கையை விட்டால் முதுகு முள்ளால்
ஒருமுறை கீறிவிட்டுத்தான் நழுவும்.

வயல் தொடங்குமிடத்தில் ஆறு தன் வளைவை மறந்து
வாய்க்கால்போல் நேராக நடக்கிறது.
இங்கே கோல்டன்.
எங்கிருந்தோ கொண்டுவந்து விட்ட மீன், இப்போது
காணி உறுதி கையிலிருப்பதுபோல
அடிமண்ணை வட்டமாய்க் கிண்டிக்
காவல் நிற்கிறது.
விரால், செம்புக் கம்பித் துணுக்குகளாய்க்
குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு
ஆம்பலுக்குள் ஒதுங்கிவிட்டது.
குஞ்சு மிதக்கிற இடத்தில் நான் தூண்டில் போடுவதில்லை.
ஒருமுறை போட்டேன். தாய் வந்தது.
மிச்சத்தைக் கோல்டன் தின்பதைப்
பாலத்தில் குந்தியிருந்து பார்த்தேன்.

எட்டில் பெரிய ரோட்டு மதகு,
ஜும்ஆ முடிந்த வெள்ளிகளில் என் இடம்.
கெளிறு குத்தி, விரல் வீங்கி
இரண்டு நாள் லீவர் பிடிக்காமல் கிடந்ததும் இங்கேதான்.
இதற்குக் கீழே தண்ணீர் நாக்கில் கரிக்கும்.
கண்டல், சேறு, நண்டு வளை.
காரணம் இல்லாமல் துள்ளித் துள்ளி விழும் மணலை.

பதினொன்றில் மணல்.
ஆறு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது,
நடுவில் முப்பது யார்.

அதை வெட்டத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.
மழை. இரவு பதினொரு மணி.
வட்டவிதானை பூபாலபிள்ளை குடை பிடிக்கவில்லை.
"குடலைப் பயிர், இஸ்ஸதீன்.
மூன்று நாளாத் தண்ணிக்குள்ள கிடக்கு."
மீனவர் சங்கத்துத் தங்கேஸ்வரி
வாளிக்கு முன்னாலேயே வந்து நின்றார்.
"இறால் இன்னும் விரல் தடிப்பில்ல.
இப்ப வெட்டினா அவ்வளவும் கடலுக்கு.
வியாழன் மட்டும் பொறுங்க."
இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் மணித்தியாலக் கூலிக்கு வந்தவன்.
பிரதேச செயலகத்திலிருந்து போன் வரும் என்றேன்.
சாவியைத் திருப்பாமல் இருந்தேன்.

மூன்றே காலுக்குப் போன் அடித்தது.
எடுப்பதற்குள்
திட்டின் வடக்கு ஓரம், நாயொன்று நடந்துபோன தடத்தால்
ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர்
தானாக வழிந்தது.
சுபஹு பாங்குக்கு முன் பத்து யார்.
பெக்கோவைப் பின்னுக்கு எடுக்கவே
நேரம் போதவில்லை.

போனது எல்லாம் போனது.
இறால், கோல்டன், வேரோடு ஆம்பல்,
ஒற்றைச் செருப்பு,
உப்புப் பட்டதும் வயிறு மேலாய்த் திரும்பிய விரால்.
தங்கேஸ்வரி அந்த வாயிலேயே வலையைக் கட்டச் சொன்னார்.
பூபாலபிள்ளையும் ஒரு தலைப்பைப் பிடித்தார்.
பிறகு பங்கு கேட்டார்.

அப்போதுதான் டோர்ச் வெளிச்சத்தில் கண்டேன்.
அவ்வளவு இழுவைக்கும் எதிரே
கடலிலிருந்து,
நூல் தடிப்பில்,
கண் மட்டும் கறுத்து மிச்சமெல்லாம் கண்ணாடியாய்
விலாங்குக் குஞ்சுகள்
ஓரத்து நுரையைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தன.
வலைக் கண்ணுக்குள் நுழைந்து, வெளியே வந்து,
யாரிடமும் கேட்காமல்.

மதகு வரை போகும். கல்லு வரைக்கும் போகலாம்.
அந்தக் குளம்புக் குழிவரை போகுமா, தெரியாது.
தாளில் அந்த இடத்தை
வெறுமையாய் விட்டிருக்கிறேன்.

கூலி பெப்ரவரியில் வந்தது.
பாதி.
வெட்டியது நான் இல்லையாம்.